வெளிநாட்டு விமானப் பயணத்தில் சேவை மோசமானால்: வன்னிப் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கமிருந்து வெளிநாடு போகிறவர்களும், அங்கிருந்து ஊருக்கு வந்து திரும்புகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பெட்டி வராவிட்டாலும், விமானம் பிந்தினாலும், கேட்ட சாப்பாடு கிடைக்காவிட்டாலும் எங்கள் சனம் பெரும்பாலும் பேசாமல் வெளியே வந்து வான் வண்டியில் ஏறிவிடுகிறது. உரிமை இல்லாமல் அல்ல. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டு, எழுத்தில் வாங்காமல் வாசலைத் தாண்டுவதால்தான் அது கைநழுவுகிறது.

ரிக்கெற்றுக்குக் காசு கட்டியதும் விமான நிறுவனம் எதற்கெல்லாம் கடமைப்படுகிறது?

உங்களையும் அனுமதிக்கப்பட்ட பொதியையும் எழுதிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு. விளம்பரத்தில் காட்டிய விமான வகை, இருக்கைக்கு முன்னால் உள்ள திரை, இரண்டு சாப்பாட்டில் ஒன்றைத் தெரிவது, சிரித்த முகம் ஆகியவை ஒப்பந்தத்தில் இல்லை. நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளில் விமானத்தையும் இருக்கையையும் மாற்றும் அதிகாரத்தை வைத்துக்கொள்கின்றன. ஆனால் கூடுதல் காசு கட்டி வாங்கிய எதுவும் வேறு கணக்கு. கால் நீட்டும் இருக்கைக்கோ மேலதிக கிலோவுக்கோ கட்டிவிட்டு அது கிடைக்காவிட்டால் அந்தக் காசைத் திருப்பிக் கேட்கலாம். பற்றுச்சீட்டு கையில் இருக்க வேண்டும்.

கையில் இருப்பது உண்மையில் ரிக்கெற்தானா என்பதை முதலில் பாருங்கள். முகவர் தரும் தாளில் ஆறு எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த குறியீடு மட்டும் இருந்தால் அது முன்பதிவு மட்டுமே. காசு செலுத்தி வழங்கப்பட்ட ரிக்கெற்றுக்கு 13 இலக்க எண் இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைக் காட்டும்: சிறிலங்கன் 603, கட்டார் 157, எமிரேட்ஸ் 176. அந்த எண் இல்லாமல் கட்டுநாயக்கவுக்கு வான் பிடிக்காதீர்கள்.

பெயரையும் அப்போதே சரிபார்க்க வேண்டும். எங்கள் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னா பின்னா என்ற குழப்பம் தீராதது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் எது இருக்கிறதோ அதுவே ரிக்கெற்றிலும் குடும்பப் பெயராக வர வேண்டும். எழுத்துப் பிழையை ரிக்கெற் எடுத்த அன்றே திருத்துவது சுலபம். செக்-இன் கவுண்டரில் நின்று திருத்துவது பெரும்பாடு.

எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டும்?

கிளிநொச்சியிலிருந்து ஏ9 வழியாக வவுனியா, அனுராதபுரம், பிறகு புத்தளம் வீதியால் கட்டுநாயக்க சுமார் 300 கிலோமீற்றர். ஆறு ஏழு மணித்தியாலம் பிடிக்கும், முல்லைத்தீவிலிருந்து அதைவிடக் கூட. அனுராதபுரம் – புத்தளம் வீதியில் இரவில் யானை குறுக்கிடுவதும் உண்டு. புறப்படும் நேரத்துக்கு 3 மணித்தியாலம் முன்னதாக விமான நிலைய வாசலில் நிற்பதாகக் கணக்கிட்டு, வழிக்கு இன்னும் 2 மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். செக்-இன் கவுண்டர் வழமையாக புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்னர் மூடும். மூடியபின் வந்தவருக்கு நிறுவனம் எதுவும் தரவேண்டியதில்லை. திரும்பி வரும் ரிக்கெற்றும் அதே பதிவில் இருந்தால் அதுவும் ரத்தாகக்கூடும்.

மரக்கறிச் சாப்பாடு கேட்டும் ஏன் கோழி வந்தது?

‘இந்துச் சாப்பாடு’ என்று பதிந்திருப்பார்கள். விமானத் துறையில் அந்தக் குறியீடு எச்என்எம்எல். அதன் பொருள் மாட்டிறைச்சி இல்லை என்பதுதான், மரக்கறி என்பதல்ல. கோழி, ஆட்டிறைச்சி, மீன் எல்லாம் வரலாம். விரதகாரருக்கும் மச்சம் தொடாதவருக்கும் பதிய வேண்டியது ஏவிஎம்எல். எங்கள் வாய்க்குப் பழகிய உறைப்புக் கறியும் சோறும் பெரும்பாலும் இதில்தான் வரும், பால் தயிர் சேரலாம். விஜிஎம்எல் என்று பதிந்தால் பாலும் முட்டையும் இல்லாத மேற்கத்தேய மரக்கறி வரும். உப்புப் புளி இல்லாத அவித்த காய்தான் என்று பலர் ஏமாறுவது இதில். சலரோகம் உள்ளவருக்கு டிபிஎம்எல்.

எதுவானாலும் புறப்பாட்டுக்குக் குறைந்தது 24 மணித்தியாலம் முன்னர் பதிவில் ஏற வேண்டும், சில நிறுவனங்கள் 48 கேட்கின்றன. முகவரிடம் வாயால் சொன்னது போதாது. நிறுவனத்தின் இணையத்தளத்தில் பதிவைத் திறந்து, ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியே குறியீடு காட்டுகிறதா என்று பாருங்கள். கொழும்பு – டோகா விமானத்தில் இருந்து, டோகா – ரொறன்ரோ விமானத்தில் இல்லாமல் போவது சாதாரணமாக நடக்கிற தவறு. இரண்டாவது விமானத்தைப் பங்காளி நிறுவனம் ஓட்டினால் இன்னும் அதிகம். விமானம் மாற்றப்பட்டாலோ திகதி மாறினாலோ குறியீடு விழுந்துவிடும், திரும்பப் பதிய வேண்டும். ஏறியதும் இருக்கை எண்ணைச் சொல்லிப் பணியாளரிடம் உறுதிப்படுத்துங்கள். சாப்பாட்டு வண்டி வந்தபின் சொன்னால் அவர்களால் செய்யக்கூடியது கொஞ்சமே, மேலே சமையல் கிடையாது.

சப்பென்று இருப்பதற்கும் காரணம் உண்டு. சாப்பாடு பல மணித்தியாலம் முன்னர் தரையில் சமைத்து, குளிரூட்டி, மேலே சூடாக்கப்படுகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல, ஈரப்பதன் 20 வீதத்துக்கும் கீழே. மூக்கு உலர்ந்து, உப்பும் இனிப்பும் நாக்கில் மங்கிவிடும். பருத்தித்துறை வடையோ பயற்றம் பணியாரமோ கைப்பையில் கொண்டுபோய்ச் சாப்பிடத் தடையில்லை. சம்பல், ஊறுகாய், தயிர் போன்றவை திரவக் கணக்கில் சேரும், 100 மில்லிலீற்றருக்கு மேல் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். தண்ணீர் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அதற்குக் காசு வாங்குவது மலிவுக் கட்டண நிறுவனங்கள்தான்.

விமானம் பிந்தினால் காசு கிடைக்குமா?

எங்கிருந்து எங்கே, யாருடைய விமானத்தில் என்பதைப் பொறுத்தது. ஒரே பதில் எல்லோருக்கும் பொருந்தாது. முகநூலில் ‘600 யூரோ கிடைக்கும்’ என்று பொத்தாம்பொதுவாகப் போடுவதை நம்ப வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி, ஐரோப்பிய விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் பொருந்தும். சுவிஸ், நோர்வேயும் இதில் அடங்கும். வெளியே இருந்து ஐரோப்பாவுக்கு வரும்போது ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால் மட்டும் பொருந்தும். ஆகவே பாரிஸிலிருந்து வளைகுடா நிறுவனமொன்றில் ஒரே ரிக்கெற்றில் கொழும்பு வருபவருக்கு உரிமை உண்டு. அதே நிறுவனத்தில் கொழும்பிலிருந்து பாரிஸ் போகிறவருக்கு இல்லை. கடைசி இடத்தை 3 மணித்தியாலமோ அதற்கு மேலோ பிந்தி அடைந்திருக்க வேண்டும். 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 600 யூரோ, பிந்தியது 4 மணித்தியாலத்துக்குக் குறைவென்றால் அதைப் பாதியாக்கலாம். மோசமான காலநிலை, வான்வெளி மூடல் போன்றவற்றுக்குத் தொகை இல்லை, சாதாரண இயந்திரக் கோளாறு அந்த விலக்கில் சேராது. பிரித்தானியா தனது சட்டத்தில் இதே முறையை 520 பவுண் வரை வைத்திருக்கிறது.

கனடாவின் விதிகள் 2019இல் நடைமுறைக்கு வந்தவை. கனடாவுக்குப் போகும், அங்கிருந்து வரும் விமானங்களுக்கு, வெளிநாட்டு நிறுவனமாக இருந்தாலும், இவை பொருந்தும். பெரிய நிறுவனமென்றால் 3 முதல் 6 மணித்தியாலப் பிந்தலுக்கு 400, 6 முதல் 9 வரை 700, அதற்கு மேல் 1,000 கனேடிய டொலர். காரணம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும், பாதுகாப்புக்காக நிறுத்தியதாகவும் இருக்கக்கூடாது. ஒரு வருடத்துக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். நிறுவனம் 30 நாளில் பதில் தர வேண்டும்.

இவை எதுவும் பொருந்தாத பயணங்களுக்கு, உதாரணமாகக் கொழும்பு – துபாய், 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை இருக்கிறது. இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. இதில் குறித்த தொகை என்று ஒன்றும் இல்லை. பிந்தியதால் உங்களுக்கு உண்மையில் ஏற்பட்ட செலவை, தாளோடு நிரூபித்துக் கேட்பது. உச்ச வரம்பு 6,303 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, ஒன்று ஏறத்தாழ 1.3 முதல் 1.4 அமெரிக்க டொலர்.

எந்தச் சட்டமானாலும், பிந்திய காரணத்தைக் கவுண்டரில் எழுதிக் கேளுங்கள். தர மறுத்தால் அறிவிப்புப் பலகையைக் கைப்பேசியில் நேரம் தெரியப் படம் எடுங்கள். பின்னர் ‘காலநிலை’ என்று பதில் வரும்போது அந்தப் படமும், அதே நேரம் புறப்பட்ட மற்ற விமானங்களின் விவரமும் உதவும்.

இடைத்தங்கலில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டால்?

இரண்டு விமானமும் ஒரே பதிவில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது நிறுவனத்தின் வேலை, மேலதிகக் காசு இல்லை. மலிவாக வருகிறது என்று வெவ்வேறு பதிவில் இரண்டு ரிக்கெற் எடுத்திருந்தால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி மட்டுமே. முகவர் ‘ஒன்றுதான்’ என்று சொன்னாலும், இரண்டு குறியீடு இருக்கிறதா என்று தாளில் பாருங்கள்.

இரவு தங்க வேண்டி வந்தால் ஹோட்டல் கேட்கலாம். ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டில் அந்த நாட்டுக்குள் இறங்க வீசா வேண்டுமென்றால் விமான நிலையத்துக்குள்ளேயே இருக்க நேரிடும். அப்போது சாப்பாட்டுச் சீட்டையும், உள்ளேயே ஓய்வறை இருந்தால் அதையும் கேளுங்கள். ஷெங்கன் (ஒரே வீசா முறையுள்ள ஐரோப்பிய நாடுகள்) விமான நிலையங்கள் வழியாக மாறிப் போவதற்கே இலங்கையருக்கு விமான நிலைய இடைமாறல் வீசா தேவை. கனடா, அமெரிக்கா, ஷெங்கன் நாடுகளின் செல்லுபடியாகும் வீசாவோ வதிவிட அனுமதியோ உள்ளவருக்கு விலக்கு உண்டு.

பலாலியால் போனால் இந்தத் தொல்லை குறையுமா?

வீட்டிலிருந்து போகும் தூரம் நிச்சயம் குறையும். பலாலியில் உள்ள யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டது, சென்னைக்கு ஏறத்தாழ 70 பேர் ஏறும் சிறிய விமானங்கள் பறக்கின்றன. சென்னையில் வேறு நிறுவனத்தின் விமானத்துக்குத் தனி ரிக்கெற்றில் மாறுவதாக இருந்தால் பெட்டியை நீங்களே எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதற்குக் குடிவரவைத் தாண்ட வேண்டும், அதாவது இந்திய வீசா வேண்டும். சின்ன விமானத்தில் கைப்பை அளவும் கண்டிப்பு. இந்தியாவுக்கு மட்டும் போகிறவருக்கு நல்ல வழி. கனடா போகிறவர் ஒரே பதிவில் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

பெட்டி வரவில்லை. என்ன செய்வது?

வெளியே வான் காத்து நிற்கிறது, உறவுக்காரர் போன் எடுக்கிறார்கள் என்று மண்டபத்தை விட்டு வெளியேறாதீர்கள். சுங்கப் பகுதியைத் தாண்டுமுன், பெல்ற்றுக்குப் பக்கத்தில் உள்ள பொதி விசாரணைக் கவுண்டரில் பிஐஆர் எனப்படும் முறைப்பாட்டுப் படிவத்தைப் பதிய வேண்டும். கடைசி விமானத்தை ஓட்டிய நிறுவனத்திடம்தான் பதிய வேண்டும். போடிங் பாஸின் பின்புறமோ கடவுச்சீட்டிலோ ஒட்டித் தந்த சிறு துண்டில் 10 இலக்கப் பொதி எண் இருக்கும், அதைக் கொடுங்கள். பெட்டியின் நிறம், வகை, உள்ளே அடையாளம் காணக்கூடிய இரண்டு மூன்று பொருட்கள் (சிவப்புச் சேலை, குறித்த பெயருள்ள பால்மா ரின் என்பது போல) சொல்லுங்கள். பதிவு எண் பத்து இடம் கொண்டது: கட்டுநாயக்கவில் பதிந்தால் சிஎம்பி என்ற மூன்று எழுத்து, நிறுவனத்தின் இரண்டு எழுத்து, ஐந்து இலக்கம். இந்த எண் இல்லாத தாளை வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

முகவரியில் ‘கிளிநொச்சி’ என்று மட்டும் எழுதினால் போதாது. கிராம அலுவலர் பிரிவு, வீதி, அருகிலுள்ள கோயிலோ பாடசாலையோ, இரண்டு கைப்பேசி எண்கள். பெட்டியை வீட்டுக்கு அனுப்புவார்களா, சுங்கச் சோதனைக்கு நீங்களே வரவேண்டுமா என்பதை அங்கேயே கேட்டு, பதில் சொன்னவரின் பெயரைக் குறியுங்கள். திரும்பவும் 300 கிலோமீற்றர் வரச் சொன்னால் அந்தப் போக்குவரத்துச் செலவு நட்டஈட்டுக் கோரிக்கையில் சேரும், வான்காரரிடம் பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள்.

பெட்டி வரும்வரை வாங்கும் அத்தியாவசியப் பொருட்களுக்கும் கேட்கலாம். பரந்தன் சந்தியிலோ முள்ளியவளையிலோ ஒரு கடையில் சாரமும் சேட்டும் வாங்கினால் பில் தராமல் விடுவது வழக்கம். திகதி, பொருள், தொகை எழுதி, கடை முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். அந்தக் கையெழுத்துத் தாளே போதும். ஊரிலேயே வீடுள்ளவருக்கு நிறுவனங்கள் இதைக் குறைத்தே தரும், வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவருக்குத் தயக்கம் குறைவு.

21 நாளில் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதி முழு நட்டஈடு கேட்கலாம். வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர், சுமார் 2,000 அமெரிக்க டொலர். இது உச்ச வரம்புதான், தானாகக் கிடைக்கும் தொகை அல்ல. பொருட்பட்டியலும் விலையும் கேட்பார்கள், பழைய பொருளுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். நகை, பணம், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், மருந்து எதையும் பெட்டியில் போட வேண்டாம். தாலிக்கொடியைப் பெட்டியில் வைத்துத் தொலைத்தால் நிறுவனத்தின் நிபந்தனை முதல் வரியிலேயே கையை விரிக்கும்.

பெட்டி தவறுவதற்குப் பெரிய காரணம் இடைத்தங்கல் நேரம் குறைவு. அடுத்தது பழைய பயணத்தின் பட்டைக்குறித் தாள்கள் கழற்றப்படாமல் இருப்பது. உரப்பையில் கட்டிய உருண்டைப் பொதிகளும் இயந்திரப் பாதையில் போகாமல் பின்தங்கும். செக்-இன்னில் ஒட்டும் தாளில் கடைசி ஊரின் மூன்று எழுத்து இருக்கிறதா என்று நின்று பாருங்கள். ரொறன்ரோ வைவைஇசட், பாரிஸ் சிடிஜி, லண்டன் ஹீத்ரோ எல்எச்ஆர்.

பெட்டி உடைந்திருந்தால், உள்ளே இருந்தது ஊற்றுப்பட்டால்?

அதே கவுண்டர், அதே படிவம். வீட்டுக்கு வந்த பிறகு கண்டால் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பிந்தி வந்த பெட்டி பற்றிய கோரிக்கைக்கு 21 நாள். இந்தக் கெடு தவறினால் வழக்குப் போடும் உரிமையும் போகும். பூட்டு உடைத்துப் பொருள் எடுத்திருந்தால் பெட்டியைக் கவுண்டரிலேயே நிறுத்துப் பாருங்கள். செக்-இன்னில் பதிந்த எடைக்கும் இப்போதைய எடைக்கும் உள்ள வித்தியாசத்தைப் படிவத்தில் எழுதச் செய்வதே வலுவான சாட்சி. வன்னித் தேன், கருவாடு, நல்லெண்ணெய் ஊற்றுப்பட்டதற்கு நிறுவனம் பொறுப்பேற்காது. போத்தலை முட்ட நிரப்பாமல், மூடியைச் சுற்றி ஒட்டி, இரண்டு பொலித்தீன் பைக்குள் வையுங்கள்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டோம், டோகாவில் ஒரு மூலையில் விட்டுவிட்டார்கள். ஏன்?

சக்கர நாற்காலிப் பயணிகளை ஓரிடத்தில் சேர்த்து, விமான நேரம் நெருங்கும்போது வாசலுக்குத் தள்ளிப்போவதே பெரிய விமான நிலையங்களின் நடைமுறை. மறந்துவிட்டதுபோல் தோன்றும். ஆனால் உண்மையில் மறந்துபோவதும் நடக்கிறது. மொழி தெரியாத வயோதிபருக்கு அது பயங்கரம், கழிப்பறைக்குக்கூடக் கேட்கத் தெரியாமல் தவிப்பார்கள். இதை நிறுவனங்கள் சரிசெய்தே ஆக வேண்டும், ஒவ்வொரு முறையும் எழுதி முறையிடுங்கள்.

பதிவில் மூன்று வகை உண்டு. படி ஏறக்கூடிய, தூரம் நடக்க முடியாதவருக்கு டபிள்யூசிஎச்ஆர். படி ஏற முடியாதவருக்கு டபிள்யூசிஎச்எஸ். இருக்கை வரை தூக்கி விட வேண்டியவருக்கு டபிள்யூசிஎச்சி. தவறான வகை பதிந்தால் படிக்கட்டு வழியாக ஏற்றும் விமானத்தில் அம்மா கீழே நிற்பார். 48 மணித்தியாலம் முன்னர், இரண்டு விமானத்துக்கும் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். கழுத்தில் ஒரு அட்டை தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் ஆங்கிலத்தில் பெயர், விமான எண்கள், நோய், மருந்து, இறங்கும் இடத்தில் காத்திருப்பவரின் தொலைபேசி. மறுபக்கம் தமிழும் ஆங்கிலமும் அருகருகே: தண்ணீர், கழிப்பறை, என் விமானம் எத்தனை மணிக்கு. விரலால் தொட்டுக் காட்டினால் போதும். நடக்கக்கூடியவருக்கு மொழிக்காக மட்டும் உதவி வேண்டுமென்றால் ‘சந்தித்து உதவும்’ சேவை தனியாக உண்டு, சிலவற்றில் கட்டணம்.

உடம்பில் செல் துண்டு இருக்கிறது, செயற்கைக்கால் போட்டிருக்கிறேன். சோதனையில் அவமானப்படாமல் போக முடியுமா?

முடியும், முன்னாயத்தம் வேண்டும். வாசல் கருவி ஒலித்தால் கைக்கருவியாலும் கையாலும் சோதிப்பார்கள். மாவட்ட வைத்தியசாலையில் எந்த இடத்தில் எத்தனை உலோகத் துண்டுகள் என்று ஆங்கிலத்தில் கடிதம் எடுத்து, எக்ஸ்ரே பிரதியோடு கைப்பையில் வையுங்கள். கடிதம் சோதனையிலிருந்து விலக்குத் தராது, ஆனால் கேள்விகளைக் குறைக்கும். கருவிக்குள் நுழையுமுன்னரே காட்டுங்கள், ஒலித்த பிறகு காட்டினால் அவர்கள் பார்வை மாறிவிடும். தனி அறை கேட்கலாம், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் உத்தியோகத்தரைக் கேட்கலாம். செயற்கைக்காலைப் பஞ்சுத் துணியால் துடைத்து வெடிமருந்துச் சோதனை செய்வது வழமையான நடைமுறை, உங்களைச் சந்தேகிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவசர வழி இருக்கை உங்களுக்குத் தரமாட்டார்கள். நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். நீண்ட பயணத்தில் கால் முண்டம் வீங்கும், செயற்கைக்காலைக் கழற்றி வைத்தால் இறங்கும்போது போடச் சிரமப்படலாம். சொந்தச் சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் பொதி எடையில் சேர்க்காமல் இலவசமாக ஏற்றுவது வழமை.

பணியாளர் மரியாதையில்லாமல் நடந்தார், திரை வேலை செய்யவில்லை. எப்படி முறையிடுவது?

முதலில் விமானத்துக்குள்ளேயே, பணியாளர் தலைவரிடம். அவர் பயண அறிக்கையில் எழுதினால் பின்னர் நிறுவனம் ‘அப்படி ஒன்றும் பதிவாகவில்லை’ என்று சொல்ல முடியாது. உடைந்த திரை, கிழிந்த இருக்கையைப் படமெடுக்கலாம். பணியாளரை அனுமதியின்றி எடுக்காதீர்கள், அது உங்களையே குற்றவாளியாக்கும். குரலை உயர்த்துவதும் அப்படித்தான்.

இறங்கி ஒரு கிழமைக்குள் நிறுவனத்தின் இணையத்தள முறைப்பாட்டுப் படிவத்தில் எழுதுங்கள். முதல் வரியில் விமான எண், திகதி, பதிவுக் குறியீடு, இருக்கை எண். அடுத்து நடந்தது, நேர வரிசையில், ஐந்தாறு வரி. கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும், எவ்வளவு என்பது. ‘தகுந்த நடவடிக்கை எடுக்கவும்’ என்று முடிக்கும் கடிதங்களுக்கு மன்னிப்புக் கடிதம் மட்டும்தான் வரும். வேலை செய்யாத திரைக்குச் சட்டப்படி நட்டஈடு இல்லை, நல்லெண்ணமாக மைல் புள்ளியோ வவுச்சரோ தரலாம். பணம் தரவேண்டிய இடத்தில் வவுச்சர் தந்தால் ஏற்காமல் விடலாம். ‘முழுத் தீர்வாக ஏற்கிறேன்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்தே கையெழுத்திடுங்கள்.

விமானம் ரத்தானது, முகவர் காசு தரவில்லை. நிறுவனம் ‘முகவரிடம் கேள்’ என்கிறது.

காசு எந்த வழியால் போனதோ அந்த வழியால்தான் திரும்பும். நிறுவனத்திடமிருந்து ‘இந்த 13 இலக்க ரிக்கெற்றுக்கு இத்தனை தொகை இந்தத் திகதியில் முகவருக்குத் திருப்பப்பட்டது’ என்று எழுத்தில் வாங்குங்கள். அது கையில் இருந்தால் முகவருக்குச் சாட்டு இல்லை. அதன் பிறகும் இழுத்தடித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்தில் முறையிடலாம். கைக்காசாகக் கட்டி, பற்றுச்சீட்டு வாங்காதவர்கள்தான் இங்கே அதிகம் இழக்கிறார்கள்.

நிறுவனம் மறுத்துவிட்டது, அல்லது பதிலே இல்லை. அடுத்து?

கனடாப் பயணமென்றால் 30 நாள் கழிந்ததும் கனேடியப் போக்குவரத்து முகவரகத்திடம், கட்டணமின்றி. ஐரோப்பாவென்றால் புறப்பட்ட நாட்டின் அமலாக்க அமைப்பிடம். பிரான்சில் 261 கோரிக்கைக்கு 5 வருடம் வரை நேரம் உண்டு. அங்கே இருக்கும் பிள்ளைகள் மூலம் செய்வது இலகு, அதிகாரக் கடிதம் ஒன்று போதும். ‘நாங்கள் எடுத்துத் தருகிறோம்’ என்னும் கம்பனிகள் கிடைக்கும் தொகையில் கணிசமான பங்கைப் பிடிக்கும், முதலில் நீங்களே எழுதிப் பாருங்கள். இலங்கையிலிருந்து புறப்பட்ட பயணத்துக்குக் கட்டுநாயக்கவில் உள்ள சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கு எழுதலாம். பொதி, பிந்தல் தொடர்பான வழக்கை மொன்றியல் உடன்படிக்கைப்படி, விமானம் வந்துசேர்ந்த அல்லது வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். நிறுவனத்தோடு மின்னஞ்சல் பரிமாறிக்கொண்டிருந்தாலும் அந்த 2 வருடம் நிற்காமல் ஓடும்.